அதுவும் .32, இதுவும் .32: அப்பாவின் ரிவால்வரில் நான் பட்ட பாடு

குமரி மாவட்டத்தில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் இல்லாத ஊர் குறைவு. அவர்களில் சிலர் மலையோரத்தில் கொஞ்சம் தோட்டம் வாங்கி, லைசென்ஸ் எடுத்து, ஒரு .32 போர் (குழலின் உள்ளளவு) ரிவால்வரும் வாங்கி வைத்திருப்பார்கள். அவர்கள் காலம் முடிந்ததும் அது பிள்ளைகள் கைக்கு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த ரிவால்வருக்கு எந்தத் தோட்டா, எது ஆகாது என்று ஒருத்தர் ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் அளவுக்குச் செலவும், ஒரு வருஷத்துக்கு மேல் அலைச்சலும், கன்னத்தில் இருக்கிற இந்தச் சின்ன வடுவும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கணவர் குவைத்தில். வீட்டில் அம்மாவும் நானும்தான். பால்வெட்டுக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிற நாளிலும், ரப்பர் ஷீட்டு விற்ற பணம் வீட்டில் இருக்கிற நாளிலும் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. அப்பா இருந்த வரைக்கும் அந்தப் பயம் இருந்ததில்லை. அவர் போன பிறகு ரிவால்வரை முறைப்படி டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். என் பெயருக்கு லைசென்ஸ் மாற்றிக் கேட்கலாமா என்ற பேச்சு வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு, வித்துப் போட்டுரு மக்கா" என்றார்கள். எனக்கு விற்க மனம் வரவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்ணையில் பழைய வேட்டித் துண்டை விரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த பொருள் அது.

லைசென்ஸ் விஷயம் நான் பயந்த அளவுக்கு இல்லை. 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் வழங்க வழி இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ், போலீஸ் விசாரணை என்று ஒவ்வொன்றாக நகர்ந்து நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் முடிந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், முன்பு மூன்றுதான். இந்தப் பகுதியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு சுடத் தெரியாமல் இருப்பது அதை விடப் பெரிய ஆபத்து என்று பயிற்சியில் சொன்னார்கள். அதனால் ஒரு ரைபிள் கிளப்பில் உறுப்பினரானேன். ஆரல்வாய்மொழி தாண்டிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டும். போக வர ஒரு நாள் போய்விடும். முதலில் அப்பா மிச்சம் வைத்திருந்த தோட்டாக்களைத்தான் சுட்டேன். உதைப்பு அதிகம் இல்லை, சத்தமும் தாங்குகிற மாதிரி இருந்தது. சில தோட்டாக்கள் ஈரக்காற்றில் பல காலம் இருந்து செம்பு பச்சை பிடித்திருந்தன. அவற்றைப் பயிற்சி தருபவர் வாங்கித் தனியே வைத்துவிட்டார். இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, கடல் காற்றும் வருகிறது. தோட்டாவை ஓட்டுக்கூரைப் பரணிலோ துணி அலமாரியிலோ வைக்கவே கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு, ரிவால்வரை விட்டு வேறொரு பூட்டில் வைத்திருக்கிறேன்.

பழைய தோட்டா தீர்ந்ததும் புதிதாக வாங்கப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். நான் லைசென்ஸை நீட்டி ".32 தோட்டா வேணும்" என்றதும், அந்தக் கடைக்காரர் முதலில் ஸ்டாக் இல்லை என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டு வந்து, "இதுவும் .32 தான் அக்கா. இது கொஞ்சம் வேகம் கூடுதல். உங்க பழைய தோட்டாவ விட இதுதான் பவர். எல்லாரும் இதைத்தான் போடுதாங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். நீளம் குறைவாக, முனையில் செம்பு நிற உறையோடு பளபளவென்று இருந்தது. "கட்டையா இருக்கே" என்று கேட்டேன். "புது மாடல் அப்படித்தான்" என்றார். ரிவால்வரின் சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) அறையில் போட்டுப் பார்த்தால் சரியாக உட்கார்ந்தது. லைசென்ஸில் எண்ணிக்கை எழுதி முத்திரையும் போட்டுக் கொடுத்தார். ரசீதில் வெறும் ".32" என்று மட்டும் இருந்தது. ஒரு தோட்டா நூறு ரூபாய்க்கு மேல். விற்கிறவர் லைசென்ஸ் பெற்ற டீலர், லைசென்ஸில் எழுதியிருப்பது .32, தோட்டாவும் .32. சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கிளப்பில் முதல் சுற்று சுட்டபோதே வித்தியாசம் தெரிந்தது. சத்தம் காதுமூடியைத் தாண்டி மண்டைக்குள் அடித்தது. அட்டையில் குண்டு பட்ட இடங்கள் எல்லாம் நான் குறி வைத்ததற்குக் கீழே இறங்கியிருந்தன. என் கை நடுங்குகிறது என்றுதான் எண்ணினேன். பயிற்சி தருபவர் அன்றைக்கு வரவில்லை. அடுத்த முறை போனபோது இடது கட்டைவிரலில் ஊசி குத்தின மாதிரி சுரீர் என்றது. பிறகு கன்னத்தில். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அந்தச் சுற்றில் கடைசிக்கு முந்தைய தோட்டாவில் குதிரை (விரலால் இழுக்கும் விசை) இழுபடவே இல்லை, சிலிண்டர் அசையாமல் நின்றுவிட்டது. பக்கத்துப் பாதையில் நின்றிருந்தவர் "என்னாச்சு?" என்று என் பக்கம் திரும்பினார். எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலத்துவிட்டது.

அந்த நேரத்தில் கிளப்பின் ரேஞ்ச் பொறுப்பாளர், ஓய்வு பெற்ற ஹவில்தார், சத்தம் போடாமல் பின்னால் வந்து நின்றார். "விரலை வெளியே எடுங்கம்மா. குழல் வாய் டார்கெட்டைப் பார்த்தே இருக்கட்டும். ஒண்ணும் திறக்க வேண்டாம், அப்படியே நில்லுங்க" என்றார். அரை நிமிடத்துக்கும் மேல் அப்படியே நின்றோம். சுட்டும் வெடிக்காத தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். அதற்குள் சிலிண்டரைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: சத்தம் வழக்கத்தை விடக் குறைவாக வந்தாலோ, குதிரை மாட்டினாலோ, அடுத்த தடவை அழுத்திப் பார்க்கக் கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தால் அதன் பின்னால் இன்னொரு குண்டு போய் மோதி, குழலே வீங்கிவிடும் அல்லது கிழிந்துவிடும்.

ரிவால்வரைத் திறந்து தோட்டாக்களை வெளியே எடுக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியின் .32 ரிவால்வரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே உள்ள கொண்டியைத் தளர்த்தினால் குழல் முன்னால் மடங்கித் திறக்கும், கூடவே நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு எழும்பிக் காலி கேஸ்களை (சுட்ட பிறகு மிஞ்சும் உலோகக் கூடுகளை) வெளியே தள்ளும். அன்றைக்கு அது எழும்பியது, ஆனால் இரண்டு கேஸ்கள் அதற்கு அடியில் வழுக்கி உள்ளேயே நின்றுவிட்டன. மரக்குச்சியால் தட்டித்தான் எடுத்தார். அவற்றை மேசை மேல் வைத்தார், பக்கத்தில் அப்பாவின் பழைய தோட்டாவின் காலி கேஸ் ஒன்றை வைத்தார். பழைய கேஸின் பின்பக்கத்தில் நடுவில் உள்ள பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பற்ற வைக்கும் சின்ன மூடி) ஓரம் உருண்டையாக, நடுவில் அழகாக ஒரு குழியோடு இருந்தது. புதிய கேஸில் பிரைமர் தட்டையாகி, குழியைச் சுற்றி உலோகம் பிதுங்கி எழும்பியிருந்தது. அந்தப் பிதுக்கம்தான் பின்பலகையில் மாட்டி சிலிண்டரை நிறுத்தியிருக்கிறது. கேஸின் ஒரு பக்கம் கரி வழிந்திருந்தது. பிறகு டார்ச் அடித்து சிலிண்டர் அறைக்குள் காட்டினார். பாதி ஆழத்தில் கரி ஒரு வளையமாகப் படிந்திருந்தது. கட்டைக் கேஸின் வாய் அந்த இடத்தில்தான் முடிகிறது, அதற்கு மேலே புகையும் சூடும் நேராகச் சுவரில் அடித்திருக்கிறது.

"இது ரிவால்வர் தோட்டா இல்லம்மா. பிஸ்டல் தோட்டா" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்து உறுதி செய்துகொண்டதும் இது. .32 என்ற ஒரே பெயரில் நம் ஊரில் இரண்டு தோட்டா புழங்குகிறது. ஒன்று .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். ரிவால்வருக்கு உரியது, 1890களிலேயே வந்தது. கேஸ் நீளம் 23 மில்லிமீட்டர் சொச்சம். இன்னொன்று .32 ஏசிபி, 7.65 பிரவுனிங் என்றும் சொல்வார்கள், 1899-இல் பிஸ்டலுக்காகவே (சுழலும் சிலிண்டர் இல்லாமல், சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை) வந்தது. இதன் கேஸ் 17 மில்லிமீட்டர் சொச்சம்தான். இரண்டிலும் குண்டின் குறுக்களவும் கேஸின் குறுக்களவும் ஏறத்தாழ ஒன்றே, அதனால்தான் அறையில் ஒழுங்காக உட்கார்கிறது. பின்பக்க விளிம்பு மட்டும் ஏசிபியில் சற்றுச் சிறியது. அதனால்தான் நட்சத்திரம் அதைப் பிடிக்காமல் வழுக்கியது.

முக்கியமான வித்தியாசம் உள்ளே எழும் அழுத்தம். அமெரிக்காவின் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர் சங்கமான சாமி (SAAMI) வகுத்திருக்கும் உச்ச வரம்பு, ரிவால்வர் தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். பதினைந்து ஆள் ஏறுகிற வேனில் இருபது ஆளை ஏற்றினால் அன்றைக்கே அச்சு முறியாது, ஓடும், ஆனால் ஒவ்வொரு குழியிலும் ஏதோ ஒன்று தளரும். என் ரிவால்வரில் நடந்தது அதுதான். மேலே கொண்டி போட்டு மடங்குகிற சட்டத்தில் (துப்பாக்கியின் உடல், ஃபிரேம்) எல்லா அழுத்தத்தையும் அந்தக் கொண்டியும் கீழே உள்ள கீல் முளையும்தான் தாங்க வேண்டும். சட்டம் முழுதாக ஒரே துண்டாக இருக்கும் ரிவால்வரின் வலு இதற்குக் கிடையாது. கொண்டி தளர்ந்ததும் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிவிட்டது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். கூடினால் சூடான புகையும் உலோகத் துகளும் பக்கவாட்டில் சீறும். என் கன்னத்தில் குத்தியது அதுதான். பக்கத்தில் நிற்பவருக்கும் அது ஆபத்து.

குறி கீழே இறங்கியதற்குக்கூடக் காரணம் இருந்தது, என் கை நடுக்கம் இல்லை. ரிவால்வர் தோட்டாவின் குண்டு ஆறு கிராமுக்கு மேல், நொடிக்கு இருநூறு மீட்டர் சொச்சம் வேகம். பிஸ்டல் குண்டு ஐந்து கிராமுக்கும் குறைவு, வேகம் இருநூற்று எழுபது பக்கம். உதைப்பில் குழல் மேலே எழும்புவதற்குள் வேகமான குண்டு வெளியே போய்விடும், அதனால் கீழே படும். ரிவால்வரின் குறி அமைப்பு பழைய குண்டுக்கு ஏற்பச் செய்தது. "வேகம் கூடினா நல்லதுதானே" என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். கைத்துப்பாக்கியில் வேகத்தை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. அழுத்தமும் சேர்ந்தே கூடும், குறியும் மாறும்.

டெக்ஸாஸில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் போனில் இதைச் சொல்லி அழுதேன். அவன் அங்கே முறைப்படி துப்பாக்கி வைத்திருப்பவன். அங்கேயும் இதே தலைவலிதான் என்றான். 9 எம்எம் தோட்டாவிலேயே சாதாரணம் என்றும் பிளஸ் பி என்றும் இரண்டு உண்டு, அழுத்த வரம்பு சாதாரணத்துக்கு 35,000 பவுண்டு, அழுத்தம் கூடிய பிளஸ் பிக்கு 38,500. பழைய பிஸ்டலில் பிளஸ் பி போட்டால் ஸ்லைடு (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) ஒவ்வொரு தடவையும் பின்னால் போய் வேகமாக மோதி, ஸ்பிரிங்கும் சட்டமும் சீக்கிரம் தேயும் என்றான். அவன் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது. .22 தோட்டாப் பெட்டியில் 'ஹை வெலாசிட்டி' என்று போட்டு ஒரு வேகம் எழுதியிருக்கும். அது பெரும்பாலும் நீளமான ரைபிள் குழலில் அளந்தது. கைத்துப்பாக்கியின் மூன்று, நான்கு அங்குலக் குழலில் அந்த வேகம் வராது. வெடிமருந்தின் ஒரு பங்கு குழலுக்கு வெளியேதான் எரியும். கிடைப்பது கூடுதல் வெளிச்சமும் சத்தமும் தேய்மானமும். போட்டிக்குச் சுடுகிறவர்கள் .22 பிஸ்டலில் ஸ்டாண்டர்டு வெலாசிட்டிதான் போடுகிறார்கள். கிளப்பில் விசாரித்தபோது அவர்களும் அதையே சொன்னார்கள். அதிவேகம் என்று விற்கிற சில .22 வகைகளின் கேஸ் சாதாரணத்தை விட நீளம், நெருக்கமான போட்டி அறைகளில் அவற்றைப் போடவே கூடாது. .22 வைத்திருப்பவர்கள் பிஸ்டலின் கையேட்டில் எந்த வகை என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இனி அலைச்சல் கதை. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "நீங்க .32 கேட்டீங்க, நான் .32 குடுத்தேன்" என்றார். என் ரசீதும் அதையேதான் சொன்னது. கட்டைத் தோட்டாவைக் கொடுத்தார் என்பதற்கு என்னிடம் காகிதச் சான்று எதுவும் இல்லை. மீதித் தோட்டாவைத் திரும்ப எடுக்கவும் மாட்டேன் என்றார். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது வந்த கோபத்தையும், யாரிடமும் சொல்ல முடியாத அந்தத் தனிமையையும் எழுத வார்த்தை இல்லை. குவைத்துக்குச் சொன்னால் "அதை முதல்ல ஒப்படைச்சுட்டு வா" என்பார். அம்மாவிடம் சொன்னால் இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் "அன்னைக்கே சொன்னோம்லா" என்பார்கள்.

துப்பாக்கியைத் தெரிந்த லேத்துக்காரரிடம் கொடுத்துச் சரி செய்யலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். மராமத்துக்கு என்று தனியாக லைசென்ஸ் உள்ளவர்தான் தொட வேண்டும். மற்றவர் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதே குற்றம், கொடுத்த உங்கள் மேலும் வழக்கு வரும். அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. எடுத்துப் போகும்போது தோட்டா இல்லாமல், பெட்டிக்குள், அசல் லைசென்ஸ் கையிலேயே இருக்க வேண்டும். லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்பதையும் பாருங்கள். என்னுடையது தமிழ்நாட்டுக்கு மட்டும். எங்கள் வீட்டில் இருந்து கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை கிட்டத்தில்தான், திருவனந்தபுரத்தில் நல்ல மராமத்துக்காரர் இருக்கிறார் என்று சொன்னார்கள், ஆனால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது.

அதற்குள் 2024 மார்ச் 16-இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் விளவங்கோடு இடைத்தேர்தலும் சேர்ந்து ஏப்ரல் 19-இல் ஓட்டு. ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தார். ஒப்படைத்தேன். ஜூன் 4 எண்ணிக்கை முடிந்து, நடத்தை விதி நீங்கிய பிறகுதான் திரும்ப வாங்க முடிந்தது. இங்கே ஒரு காரியம் நன்றாகச் செய்தேன், ஹவில்தார் சொல்லிக் கொடுத்தது. ஒப்படைக்கும்போது ரசீதில் "கொண்டி தளர்ந்துள்ளது, சிலிண்டர் ஆடுகிறது, சுடத் தகுதியில்லை" என்று எழுதிக் கேட்டேன். எழுத்தர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனாலும் எழுதிக் கொடுத்தார். தேர்தலுக்கு ஒப்படைக்கிற எல்லாரும் ஆயுதத்தின் நிலைமையையும் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், எண்ணெய் தடவிக் கொடுங்கள். மழைக்காலம் தாண்டித் திரும்பி வருவது துருவோடு வந்தால் பிறகு யாரையும் கேட்க முடியாது.

மராமத்துக்காரர் கொண்டியையும் கீல் முளையையும் மாற்றி, இடைவெளியைத் தகட்டு அளவியால் அளந்து காட்டி, அறைக்குள் இருந்த கரி வளையத்தைச் சுத்தம் செய்து கொடுத்தார். அந்த வளையம் அப்படியே இருந்திருந்தால் சரியான நீளத் தோட்டாவே உள்ளே முழுதாகப் போயிருக்காதாம். குழல் வீங்கவில்லை, சிலிண்டரில் கீறல் இல்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சிலிண்டரில் கீறல் விழுந்திருந்தால் ரிவால்வர் அத்தோடு போச்சு. பாகங்கள் வந்து சேரத் தாமதமானதால் எல்லாம் முடிய வருஷம் தாண்டிவிட்டது. மராமத்துக் கூலி, பாகங்கள், வண்டி வாடகை, வீணான தோட்டா எல்லாம் கூட்டினால் முதலில் சொன்ன அந்த நாற்பதாயிரம்.

இப்போது தோட்டா வாங்கப் போனால் வெறும் .32 என்று நான் கேட்பதே இல்லை. ".32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், ரிவால்வருக்கு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். பெட்டியில் அச்சடித்திருப்பதையும், ஒவ்வொரு கேஸின் பின்பக்கத்தில் பொறித்திருப்பதையும் வாசித்துப் பார்க்கிறேன். கையோடு ஒரு பழைய காலி கேஸ் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுகிறேன். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ரசீதிலும் முழுப் பெயர் எழுதச் சொல்கிறேன். போன மாதம் போன வேறொரு கடையில் அந்தத் தம்பி எழுத மறுக்கவில்லை, "இப்படிக் கேட்டு வாங்குறவங்க யாருமே இல்லக்கா" என்று மட்டும் சொன்னார். கிளப்பில் புதிய பெட்டி உடைத்தால் முதலில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுட்டு, கேஸை எடுத்து பிரைமரைப் பார்த்த பிறகுதான் மிச்சம் போடுகிறேன்.

மிஞ்சிய கட்டைத் தோட்டாக்களை வீட்டில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. குழியில் புதைப்பதோ ஆற்றில் எறிவதோ கூடாது, லைசென்ஸில் எண்ணிக்கை இருக்கிறது, கணக்கு நாம்தான் சொல்ல வேண்டும். எழுத்து மூலம் விவரம் கொடுத்து, தோட்டாவை ஸ்டேஷனில் ஒப்படைத்து, லைசென்ஸ் பக்கத்திலும் அதைப் பதியச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. பதிவு மட்டும் பாக்கி, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.